நீலப் புள்ளிகள் யாருடையவை?

பொகுவாவுக்கு அந்தப் பயம் பிடித்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முன்னால் அவள் பயந்தது பல்லிக்கும் கணக்கு டீச்சருக்கும்தான். அந்த இரண்டு பேரும் தூரத்தில் இருந்தால் பயமும் தூரத்தில் இருக்கும். இந்தப் புதுப் பயம் அப்படியில்லை. ட்ரோட்ரோ என்ற வாடகை வேனில் ஏறினால் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் பாயை விரித்தால் அவளுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

அது வந்த கதை இதுதான்.

பொகுவாவின் அம்மா பெயர் தீவா. குமாசி நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவும் வேலை. தட்டு, குழாய், குடுவை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, பல தண்ணீரில் அலசி, ஆவிப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் அம்மாவின் விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் பொகுவா நேராக அங்கேதான் வருவாள். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள்.

அந்தக் கூடத்தில் அப்ராஃபி அக்கா என்று ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். குளத்துத் தண்ணீரில் இருந்து எடுத்த அமீபாக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். ஆட்களுக்கு ஒன்றும் செய்யாத சாதி அமீபா அது. ஆனாலும் யாரும் தொடக் கூடாது என்பது சட்டம்.

பொகுவாவுக்கு அந்த அக்கா ஒரு நாள் நுண்ணோக்கியில் காட்டினார். அமீபாவுக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது, கை கால் கிடையாது. வேண்டியபோது உடம்பையே ஒரு பக்கம் நீட்டிக் கால் செய்துகொள்ளும். வேலை முடிந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பு முழுவதும் ஒரே ஓர் அறைதான். அதன் நடுவே உருண்டையாக ஒன்று இருந்தது. அதற்கு உட்கரு என்று பெயராம். அந்த உயிர் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்ற விவரமெல்லாம் டி.என்.ஏ. என்ற மெல்லிய நூலில் இருக்கும், அந்த நூல் உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கும் என்று அக்கா சொன்னார்.

சில அமீபாக்களில் உட்கருவுக்கு வெளியிலும் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு என்று படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தன்னுடைய குளத்து அமீபாவுக்கும் அப்படி உண்டா என்று பார்ப்பதுதான் அப்ராஃபி அக்காவின் வேலை. இரண்டு மழைக்காலமாக அதையே தேடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரை யாரோ கூப்பிட்டார்கள். தட்டை நுண்ணோக்கியின் அடியில் திறந்தபடி வைத்துவிட்டுப் போனார். பொகுவா புளித்த சோளமாவை உருட்டி அவித்த கென்கேயைப் பிட்டுத் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தாள்.

ஒரு பெரிய அமீபா இந்தப் பக்கம் கால் நீட்டியது. ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பக்கம் நீட்டியது. அங்கேயும் ஒன்றும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

பொகுவாவின் வாயில் இருந்த கென்கே இறங்கவில்லை.

அந்த ஊரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் தனியாகச் சாப்பிட மாட்டார்கள். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்கள். பேசத் தொடங்கும் வயதிலேயே பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். அமீபாவுக்குக் கண் இல்லை என்பது பொகுவாவுக்கு அப்போது நினைவு இல்லை. அது தன்னையே பார்ப்பதாகத்தான் தோன்றியது.

"வாங்க, சாப்பிடலாம்" என்று மெல்லச் சொன்னாள். எள்ளில் பாதி அளவுக்குக் கென்கேயைக் கிள்ளித் தட்டுக்குள் போட்டாள்.

அவ்வளவுதான் செய்தாள்.

மறுநாள், அந்தப் புதன்கிழமை, அப்ராஃபி அக்கா அதே தட்டில் இருந்து ஒரு சொட்டு எடுத்து அதில் ஒரு சாயத்தைக் கலந்தார். டி.என்.ஏ. எங்கே இருந்தாலும் அந்தச் சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இருட்டறையில் வைத்துப் பார்த்தால் நீலமாக ஒளிரும். ஒவ்வோர் அமீபாவுக்குள்ளும் உட்கரு நிலா மாதிரித் தெரிந்தது. நிலாவுக்கு வெளியே புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, எங்கே பார்த்தாலும் நீலம்.

அக்கா சந்தோஷத்தில் ஓடிப் போய்ப் பேராசிரியர் அன்ட்வியைக் கூட்டிவந்தார். அந்தக் கூடத்துக்கு அவர்தான் தலைவர், உயரமான மனிதர். கோபம் வந்தால் கத்த மாட்டார். குரலைத் தாழ்த்திக்கொள்வார். அதுதான் எல்லாருக்கும் பயம்.

அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இந்தத் தண்ணீர் முழுக்க வேறு கிருமிகள் இருக்கின்றன, அமீபா அவற்றைத் தின்றிருக்கிறது, கிருமிகளுக்கும் டி.என்.ஏ. உண்டு, ஆகவே வயிற்றில் இருக்கும் சாப்பாடுதான் ஒளிர்கிறது என்றார். அப்ராஃபி அக்காவின் முகம் அணைந்த அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

பேராசிரியர் அதோடு போகவில்லை. கழுவுகிற தொட்டிக்கு வந்தார்.

"தீவா, தட்டு சுத்தமா இல்ல" என்றார், தாழ்ந்த குரலில். "திங்கட்கிழமை நான் மறுபடி பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா வேற ஆள்தான் பாக்கணும்."

அம்மா ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

வீட்டுப் பாட நோட்டின் மேல் குனிந்திருந்த பொகுவாவுக்குக் காது இரண்டும் சுட்டன. தட்டு சுத்தமாகத்தான் இருந்தது என்று அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ட்ரோட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வழியில் ஒரே ஒரு முறை, தனக்குத்தானே சொல்வது போல, "நல்லாத்தானே கழுவினேன்" என்றாள். பொகுவா வாயைத் திறந்தாள். உள்ளே இருந்து எச்சில்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை கணக்கு டீச்சர் அவளை எழுப்பி விடை கேட்டார். பொகுவா "சோளம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்துத் தலை கனத்துப் போயிருந்தது. முன்பு அம்மா சந்தையில் மூட்டை சுமந்த காலம் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்போது அம்மா வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டாள், அப்படியே விழுவாள். மறுபடியும் மூட்டையா?

வெள்ளிக்கிழமை அம்மா எல்லாத் தட்டுகளையும் இரண்டு தரம் கழுவினாள். சோப்பு அரித்து விரல் ஓரத்தில் தோல் வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் பொகுவாவுக்குத் தாங்கவில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எழுந்து போனாள். முதல் முறை "தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள். இரண்டாம் முறையும் தண்ணீர்தான் குடித்தாள். மூன்றாம் முறை அம்மாவே ஒரு குவளையை நீட்டினாள். வயிறு முட்டத் தண்ணீரோடு பொகுவா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை அச்சியா சித்திக்குச் சந்தையில் உதவப் போனாள். சித்தி நத்தை வியாபாரம். மழை பெய்து காட்டு நத்தைகள் நிறைய வந்திருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கூடைகளை ஈர இலை போட்டு மூடி வைத்திருந்தாள்.

வாங்க வந்த ஓர் அம்மாள் முன்கூடையில் இருந்த நத்தையைத் தூக்கிப் பார்த்து, போன வாரம் வேறு ஒருத்தியிடம் வாங்கியதில் மண்ணும் இலையுமாக வாயில் நறநறவென்று கடிபட்டது, சூப்பையே கொட்ட வேண்டியதாகிவிட்டது என்று குறைபட்டாள்.

"நம்ம நத்தை அப்படி இல்ல அக்கா. பட்டினி போட்டு வச்சிருக்கேன்" என்றாள் சித்தி. "தின்னதெல்லாம் வெளிய போயிடும். அதோட சதைதான் மிச்சம்."

ஒரு நத்தையைப் பிடித்துக்கொண்டிருந்த பொகுவாவின் கை அப்படியே நின்றது.

தின்றது வெளியே போய்விடும். சொந்தமானது மிச்சம் இருக்கும்.

அந்த அம்மாள் போனதும் பொகுவா சித்தியைக் கேட்டாள், பட்டினி போட்டால் நத்தை செத்துவிடாதா என்று. சித்தி சிரித்தாள். சாகாது, ஆனால் கோபித்துக்கொள்ளும் என்றாள். சும்மா போட்டு வைத்தால் ஓட்டுக்குள் போய் வாசலை மூடிக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருப்பது உள்ளேயேதான். அதனால் நல்ல தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடையை அலசி அலசி வைக்க வேண்டும்.

"சாப்பாடு இல்லன்னாலும் ஊரு நல்லாத்தான் இருக்குன்னு அது நெனைக்கணும்" என்றாள் சித்தி.

பொகுவா ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். சனிக்கிழமையிலும் அப்ராஃபி அக்கா அங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கதவுக்கு முன்னால் வந்ததும் கால் ஓடவில்லை. இந்த யோசனையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கென்கேயையும் சொல்ல வேண்டும். கென்கேயைச் சொன்னால்? அக்காவின் இரண்டு மழைக்காலத்து வேலையைக் கெடுத்தது நான்தான் என்று ஆகும். கை வியர்த்து நத்தைச் சளியும் வியர்வையும் ஒன்றாகிப் பிசுபிசுத்தது.

கதவு தானாகத் திறந்தது. குப்பைக் கூடையோடு அக்கா நின்றார்.

"பொகுவா? இன்னிக்கு அம்மா வரமாட்டாங்களே."

"அக்கா, அந்தத் தட்டுல சாப்பாடு போட்டது நான்தான்."

சொல்லி முடித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அடி விழும், இல்லாவிட்டால் திட்டு விழும் என்று காத்திருந்தாள். இரண்டும் விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அக்கா குப்பைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முழுக் கதையையும் கேட்டார். கோபம்தான். அது முகத்தில் தெரிந்தது. கடைசியில், கென்கே போட்டதால்தான் அவ்வளவு கிருமி பெருகியிருக்கிறது என்று சொன்னார். அமீபா கென்கேயைத் தின்னாதாம். கென்கேயைத் தின்னும் கிருமிகளைத் தின்னுமாம்.

பொகுவா நத்தைக் கதையைச் சொன்னாள்.

"பட்டினியா? நானும் போட்டுப் பாத்தேன், போன வருஷம்" என்றார் அக்கா. "ராத்திரி முழுக்கச் சும்மா தண்ணியில விட்டேன். காலையில எல்லாம் உருண்டையாச் சுருண்டு மேல ஓடு கட்டிக்கிச்சு. சாயம் உள்ளயே போகல."

"சும்மா விட்டா நத்தையும் வாசலை மூடிக்குமாம் அக்கா. தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணுமாம்."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "கையை நல்லாக் கழுவிட்டு உள்ள வா" என்றார்.

அதே தட்டைத்தான் எடுத்தார்கள், கென்கே விழுந்த தட்டை. அழுக்குத் தண்ணீரைச் சொட்டுக்குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, கொதித்து ஆறிய நல்ல தண்ணீரை ஊற்றினார் அக்கா. கொஞ்சம் பொறுத்து மறுபடி உறிஞ்சி மறுபடி ஊற்றினார். நேரம் பார்த்துச் சொல்வது பொகுவாவின் வேலை. நுண்ணோக்கியில் பார்த்து, யாராவது உருண்டையாகச் சுருள்கிறார்களா என்று சொல்வதும் அவள் வேலைதான். ஒன்று சுருண்டது. பொகுவாவின் நெஞ்சும் கூடவே சுருண்டது. புதுத் தண்ணீர் வந்ததும் அது மெல்ல ஒரு காலை நீட்டியது.

திங்கட்கிழமை வரை தண்ணீர் மாற்றுவதைத் தான் பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னார். பொகுவா வீட்டுக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். பேராசிரியரிடமோ அம்மாவிடமோ நான் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நீதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் பாடும்போது பொகுவா கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். ஆண்டவரே, அதுங்களுக்கு நல்லாப் பசிக்கட்டும், ஆனால் ஒன்றும் சாக வேண்டாம். அம்மாவிடம் அன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்ற நாளே இல்லாமல் ஒரு வாரம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது.

பள்ளிக்கூடம் விட்டுப் பொகுவா போய்ச் சேர்ந்தபோது பேராசிரியர் ஏற்கெனவே இருட்டறைக்குள் இருந்தார். அப்ராஃபி அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கதவோரம் நின்றாள், ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. பொகுவா அம்மாவின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது.

பேராசிரியர் அந்தத் தட்டில் இருந்து எடுத்துச் சாயம் கலந்த சொட்டைப் பார்த்தார். நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிப் பார்த்தார். தட்டை நகர்த்தி இன்னொரு அமீபாவைப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

"கோடு கோடா இருந்த கிருமியெல்லாம் போயிடுச்சு" என்றார் கடைசியில். "நிலாவுக்கு வெளிய அந்தச் சின்னப் புள்ளிங்க மட்டும் அப்படியே இருக்கு. தின்னதா இருந்தா இதுவும் போயிருக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்ராஃபி, இது அதோட சொந்தச் சொத்து மாதிரிதான் தெரியுது" என்றார்.

இன்னும் பல தரம் செய்து பார்க்க வேண்டும், வேறு வழியிலும் சோதிக்க வேண்டும், அதுவரை துள்ளக் கூடாது என்றும் சொன்னார். அக்கா துள்ளவில்லை. ஆனால் இருட்டில் அவர் பல் தெரிந்தது.

பொகுவாவுக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்துவிட்டது. இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்போது பேராசிரியர் அம்மாவின் பக்கம் திரும்பினார். புள்ளிகள் விஷயம் வேறு, ஆனால் புதன்கிழமை அந்தத் தட்டில் அவ்வளவு கிருமி இருந்ததே, அது கழுவியதில் உள்ள குறைதானே என்று கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே இன்னும் நல்லாக் கழுவுறேன் சார்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இதோடு போய்விடும். அம்மாவுக்கு வேலையும் இருக்கும். ஆனால் அம்மா ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள், தன் கையையே நம்பாமல். பொகுவா பாவாடையை விட்டாள். ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அம்மா நல்லாத்தான் கழுவினாங்க சார். நான்தான் அதுல கென்கே போட்டேன்."

"கென்கேயா?" என்றார் பேராசிரியர்.

"ஆமா சார். நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அது பாத்துக்கிட்டு இருந்துச்சு. கூப்பிடாம எப்படி சார்?"

பேராசிரியர் அவளையே பார்த்தார். அவருக்கும் அதே ஊர்தான். அவரும் கூப்பிடாமல் சாப்பிட்டு வளர்ந்தவர் இல்லை.

"மிளகாச் சட்னியும் போட்டியா?"

"இல்ல சார். அதுக்குக் காரம் ஒத்துக்காதுன்னு நெனச்சேன்."

அப்ராஃபி அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பேராசிரியர் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதற்கு அவருக்கு வழக்கத்தை விட அதிக நேரம் ஆனது. பிறகு இனிச் சாப்பாட்டோடு இந்தப் பக்கம் வந்தால் காதைத் திருகிக் கையில் கொடுத்துவிடுவேன் என்று பொகுவாவிடம் சொன்னார். அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னார்.

"தீவா, நான் சொன்னது தப்பு. தட்டு சுத்தமாத்தான் இருந்திருக்கு."

அம்மா பொகுவாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வீட்டில் நடக்கப் போவது கொஞ்சம் தெரிந்தது. பொகுவா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து பார்க்கும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் மறுத்தாள். பிறகு பாவாடையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். எங்கே பார்ப்பது என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். பெரிய நிலா உட்கரு, அதற்கு வெளியே ஊசி முனையளவு மின்னுவதெல்லாம் அந்தப் புள்ளிகள்.

அம்மா நெடுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. பொகுவா பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவின் வெடித்த விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. இறுக்கமாகத்தான் பிடித்தன, ஆனால் வலிக்கவில்லை.

"ஏண்டி" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமலே. "இத்தனூண்டு புள்ளிக்குப் பயந்தா நாம ரெண்டு பேரும் இத்தனை நாள் சரியாச் சாப்பிடாம இருந்தோம்?"

"ஆமாம்மா."

"அழகாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

அன்று மாலை மழை விட்டதும் தெருவில் எல்லா வீட்டிலும் வேகவைத்த கிழங்கை ஃபூஃபூவாக இடிக்கும் சத்தம் கிளம்பியது. தங்கள் உரலில் அம்மா மாவைப் புரட்டிக் கொடுக்க, பொகுவா உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். அன்றைக்கு அவள் மூன்று உருண்டை தின்றாள்.